ஆறுச்சாமி அண்ணனும் அந்த ஏழு கட்டங்களும்

சேதி வந்தபோது காலைப் பால் எடுத்துக்கொண்டிருந்தோம். ருக்மணியக்காவின் தம்பி சைக்கிளில் வந்தார். தினமும் கேரியரில் பால் கேனைக் கட்டிக்கொண்டு வருகிறவர், அன்றைக்குக் கேனில்லாமல் வந்தார். அவர் வாயைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. "மச்சான் போயிட்டாருங்" என்றார். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சொம்பையும் கேனையும் பிடித்தபடி அப்படியே நின்றார்கள். ஒரு பெண் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "அப்ப இன்னிக்கிப் பால எடுப்பீங்களா, இல்ல திருப்பிக் கொண்டுட்டுப் போறதுங்களா?"

சீ என்று ஆகிவிட்டது எனக்கு. அவர் பெயரை எழுத மாட்டேன். இதைப் படிக்கும்போது அவருக்கே தெரியும். ஏழு வருஷமாக அந்த மனிதரின் பாலை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, கெணத்துல தண்ணி மிச்சம் வெச்சீங்களா, எல்லாம் இங்கியே கொண்டாந்துட்டீங்களா?" என்று கேட்டவர்தான் செத்துக் கிடந்தார். "எடுக்கறோம், ஊத்துங்க" என்றேன். எல்லோரும் ஊற்றினார்கள். பிறகுதான் சங்கத்தைப் பூட்டினேன்.

அண்ணனை அறியாதவர் கையிலும் இது போய்ச் சேரலாம் என்பதால் சொல்கிறேன். கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டுக்குக் கேரளப் பக்கம் இருக்கிறது எங்கள் பால் சங்கம். நான் அதன் செகரட்டரி. ஆறுச்சாமி அண்ணன் சங்கம் தொடங்கிய நாள் முதல் பாலைச் சோதித்து வாங்குகிறவர். எனக்கு உடன்பிறந்தவர் இல்லை. பழகிப் பழகி அண்ணன் ஆனவர். நுரையீரலில் வந்த கேன்சர் ஐம்பத்திரண்டு வயதில் அவரைக் கொண்டுபோனது. ருக்மணியக்கா அவருடைய மனைவி.

எழவு வீட்டில் நான் கேட்டது இன்னும் மோசம். வாசலில் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி அடுத்தவளிடம் குனிந்து, "தீவாளியன்னிக்கி இவதான் எண்ணெ வெச்சுத் தேச்சுக் கழுவியுட்டாளாமா. அதுல கோடெல்லாம் அழிஞ்சு கரண்டு வெக்கறது நின்னு போச்சாமா. புருசனக் கழுவியே கொன்னுபோட்டா" என்றாள். அது அக்காவின் காதில் விழுந்தது. அக்கா மார்பில் அடித்துக்கொண்டு, "ஆமாங்க, நாந்தானுங்க, அரப்பும் ஆகாதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சுங்களே" என்று கத்தினாள். நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நாலு நாள் கழித்துச் சங்கத்தில் இரங்கல் கூட்டம். தலைவர் காகிதத்தைப் பார்த்து வாசித்தார். "கொடிய நோயைப் புன்னகை மாறாத முகத்தோடு தாங்கினார்." கைதட்டக்கூடப் பார்த்தார்கள், ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்கள். பிறகு டீயும் வாழைப்பழமும். என்ன பச்சைப் பொய்! அண்ணன் புன்னகை செய்யவில்லை. வாந்தி எடுத்தார். ஏசினார். ஒரு நாள் ஆஸ்பத்திரித் தட்டைத் தூக்கி எறிந்தார். "நான் செத்தா மைக்கு வெச்சுப் பொய் பேசுவானுக. நீயாச்சும் உள்ளதச் சொல்லு, தம்பி" என்று என்னிடம் சொல்லியிருந்தார். அந்தக் கூட்டத்திலும் நான் சொல்லவில்லை. ஆகையால் எழுதுகிறேன்.

அவர் மூக்கைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். லாக்டோமீட்டர் என்ற கண்ணாடிக் குழாயைப் பாலில் மிதக்கவிட்டுத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது சட்டம். அண்ணனுக்கு அது சட்டத்துக்காக மட்டும்தான். மூடியைத் திறந்து முகத்தைக் கொண்டுபோவார். மாடு வேப்பந்தழை தின்றதா, சொம்பு கழுவப்படவில்லையா, முந்தாநாள் பால் கலந்ததா, எல்லாம் சொல்லிவிடுவார். பீடி குடிக்கிறவர்தான்; கட்டுக் கட்டாகக் குடிப்பார். ஆனால் பால் எடுக்கும் இரண்டு வேளைக்கும் முன்னால் ஒரு மணி நேரம் பீடியைத் தொட மாட்டார். "மூக்கு அவிஞ்சு போயிட்டா எனக்கு இங்க என்ன வேல?" என்பார். அந்த மூக்குக்காக விட்ட பீடியை நெஞ்சுக்காக விடவில்லை.

போன ஆனியில் இருமல் பிடித்தது. ஆடியில் கைத்துண்டில் ரத்தம். டிபி என்று நினைத்து ஒரு மாதம் ஊசி போட்டார்கள். பிறகு கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, கட்டி என்றார்கள். சேதி ஊருக்குள் வந்ததும் ஆளாளுக்கு நியாயம் பேச ஆரம்பித்தார்கள். "பீடி குடிச்சான், பட்டான்" என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார். சொன்னவர் காதிடுக்கில் பீடி இருந்தது. தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தாளு இனிப் பால்ல கை வெக்க வேண்டாமுங். ஒட்டுவாரொட்டியா இருந்தா சங்கத்துக்கே கேடு" என்றார். அது ஒட்டுகிற நோய் இல்லை என்று டாக்டர் சொன்னதை நான் சொல்லிப் பார்த்தேன். "டாக்டர் வந்து பாலக் குடிப்பாரா?" என்றார். அண்ணனிடம் போய், "கொஞ்ச நாள் ஓய்வா இருங்ணா" என்று பூசி மெழுகினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "ஒட்டிக்குமுன்னு பயப்படறானுகளா? பயப்படட்டும். தண்ணி ஊத்தறவன் ஒருத்தனுக்காச்சும் ஒட்டிச்சுன்னா நல்லதுதான்" என்றார்.

புரட்டாசியில் வைத்தியம் ஆரம்பித்தது. கரண்டு வைக்கிறது என்று நாம் சொல்வோமே, அதுதான். பெரிய மிஷினுக்கு அடியில் படுக்க வைத்து, எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். வலி கிடையாது, சத்தம்கூட அதிகம் இல்லை. இரண்டு மூன்று நிமிஷம். மொத்தம் இருபத்தைந்து நாள். திங்கள் முதல் வெள்ளி வரை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு அறையில் தங்குவோம். சனிக்கிழமை பொள்ளாச்சி வழியாக ஊருக்கு வருவோம். அக்காவுக்கு இரண்டு எருமையும் நாலு மாடும் இருந்ததால் கூடப் போனது நான். பால் சங்கத்தை என் மைத்துனன் பார்த்துக்கொண்டான்.

முதல் நாள் அவர் நெஞ்சிலும் முதுகிலும் ஊதா மையால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டார்கள். கரண்டு எங்கே விழ வேண்டும் என்பதற்கு அடையாளம். மிஷின் ஓட்டுகிற ஆபரேட்டர் என்னைப் பார்த்து, விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். "சோப்புக் கூடாது. எண்ணெ கூடாது. தண்ணியே படக்கூடாது. கோடு அழிஞ்சா எங்களுக்கு எடம் தெரியாது. தோலும் நெருப்புப் பட்ட தோலாட்டம் இருக்கும், தொட்டா உரிஞ்சு வந்துரும்." அண்ணன் அப்போது உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். கேட்டது நான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு அட்டை கொடுத்தார்கள். அதில் இருபத்தைந்து கட்டங்கள். ஒரு நாள் முடிந்தால் ஒரு கட்டத்தில் ஆபரேட்டர் மையால் கையெழுத்துப் போடுவார். அண்ணன் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் எடுத்து எடுத்துப் பார்ப்பார். "இத்தன கட்டமும் ரொம்பிட்டா உட்ருவாங்களா, தம்பி?" என்பார். "உட்ருவாங்கண்ணா, டாக்டர் சொன்னாரில்லீங்களா, முழுசும் வெச்சாத்தான் பலன்னு" என்பேன். அந்த அட்டையை நிறைப்பதுதான் எங்கள் இருவருக்கும் அந்த நாட்களின் ஒரே வேலை.

எட்டாவது கட்டத்திலேயே தொண்டை போயிற்று. எச்சில் விழுங்கினால் கண்ணில் நீர் வந்துவிடும். நாக்கில் எதை வைத்தாலும் துருப்பிடித்த ஆணியைச் சப்புவதுபோல் இருக்கிறது என்றார். நெஞ்சுத் தோல் சுட்ட கத்தரிக்காய் மாதிரிக் கறுத்துச் சுருங்கியது. நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவார். தாளிக்கிற வாசம் வந்தால் குமட்டல். எல்லாவற்றையும்விடக் கொடுமை, பால் வாசம். ஏழு வருஷம் பாலுக்குள் மூக்கை விட்டு வாழ்ந்த மனிதர், தெருவில் பால் காய்ச்சுகிற டீக்கடையைத் தாண்ட முடியாமல் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு எதிர்ப் பக்கமாக நடந்தார். ஆனால் பார்க்க வருகிற ஒவ்வொருவரும் சொன்ன வைத்தியம் என்ன தெரியுமா? "பாலாக் குடிங்க, தெம்பு வரும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கு ஒரே கூட்டம். சங்கத்துக்காரர்கள் ஆளுக்கொரு சொம்பில் பால் கொண்டுவந்திருந்தார்கள். பசு மஞ்சளாக, ஏடு கட்டி, விரலை விட்டால் ஒட்டுகிற பால். ஒருவர் பலவந்தமாக ஒரு டம்ளரை அவர் வாயருகே கொண்டுபோனார். அண்ணன் முகர்ந்தார். முகர்ந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் கக்கினார். வெறும் பச்சைத் தண்ணீர். வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து, அந்தச் சொம்புகளை ஒன்றொன்றாகப் பார்த்தார். "ஒரு சொட்டுத் தண்ணி கலக்காத பால். ஏன்டா, இத்தன வருசமா இந்தப் பாலையெல்லாம் எங்கடா ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அருவருப்பும் வந்தது. சொம்புகளை அங்கேயே வைத்துவிட்டுப் போனார்கள். அக்கா உறைக்கு ஊற்றினாள்.

என்ன சாப்பிடுவது என்பதை அவரே கண்டுபிடித்தார். கம்பங்கூழை நன்றாக ஆறவைத்து, துணியில் வடிகட்டி, மோர் மாதிரிக் கரைத்துக் கொடுத்தால் இறங்கியது. அரை டம்ளர் குடிக்க ஒரு மணி நேரம். மூக்கை விரலால் அடைத்துக்கொள்வார், ஒரு வாய் விழுங்குவார், சுவரைப் பார்ப்பார், ஒரு கெட்ட வார்த்தை சொல்வார், அடுத்த வாய். பனியன் உராய்ந்ததால் அக்கா தன் பழைய நூல் சேலையைக் கிழித்துத் தொளதொளவென்று ஒரு சட்டை தைத்துக் கொடுத்தாள். சிவப்பில் மஞ்சள் பூப்போட்டது. பஸ்ஸில் எல்லோரும் பார்த்தார்கள். "பாக்கட்டும், எம்பட பொண்டாட்டி சேலைதானே?" என்றார். பதினெட்டுக் கட்டங்கள் நிறைந்தன. இன்னும் ஏழு. அந்த வெள்ளிக்கிழமை தீபாவளிக்கு முந்தின நாள்.

அதற்கு இரண்டு வாரம் முன்பே அக்கா என்னிடம் கேட்டிருந்தாள், "குளிக்கறப்பச் சோப்புப் போடலாமுங்களா, தம்பி?" என்று. "சோப்புக் கூடாதுங்க்கா" என்றேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே கேட்டாள். நான் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் இருந்தேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன், மற்ற இரண்டையும் சொல்லவில்லை. அதுவரை வீட்டில் துண்டை நனைத்துக் கையையும் காலையும் துடைத்துக்கொண்டிருந்ததால் கெடுதல் எதுவும் நடக்கவில்லை. தீபாவளி நெருங்கியதும் அக்கா மறுபடியும் சொன்னாள். "ஒடம்பெல்லாம் வேகுதுங்கறாரு. எல்லாம் கரண்டுச் சூடு. நோம்பியன்னிக்காச்சும் எண்ணெ வெச்சு ஊத்தியுட்டாச் சூடெறங்குமில்லீங்க? சோப்பத்தான வேண்டாமுன்னாங்க. நாம போடறது அரப்புத்தானுங்களே."

அரப்பு என்றால் இலையைக் காயவைத்து இடித்த, எண்ணெய் போகத் தேய்க்கிற பொடி. அது சோப்பு இல்லைதான். எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் அதைச் சோப்பென்று யாரும் நினைக்க மாட்டார்கள். தீபாவளியன்று தலைக்கு எண்ணெய் வைக்காமல் ஒரு மனுஷனை உட்கார வைப்பது என்றால், அது செத்த வீட்டுக்குத்தான் என்று நினைக்கிறவர்கள் நாங்கள். ஆபரேட்டர் மடக்கிய மூன்று விரல்களும் என் கண் முன்னால் நின்றன. வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. நோம்பி நாளில் அபசகுனமாகப் பேசக் கூசினேன். அதைவிடக் கேவலம், எண்ணெய் வைத்தால் சூடு தணியும் என்று நானே நம்பினேன். ஆஸ்பத்திரிக்காரனுக்கு நம் உடம்பைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். நோம்பிக்காக வெள்ளிக்கிழமையே திரும்பும் வழியில் பொள்ளாச்சியில் இறங்கி, செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் ஒரு தூக்கு நிறைய வாங்கிக்கொண்டு வந்து அக்காவின் கையில் கொடுத்தவனும் நான்தான். அண்ணன் தூக்கைப் பார்த்துவிட்டு, "பாதகமில்லையா, தம்பி?" என்று கேட்டார். "ஒரு நாளைக்குத்தானுங்ணா" என்றேன்.

காலையில் வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் கல்லின்மேல் உட்கார வைத்து, உச்சியில் எண்ணெய் வைத்தார்கள். தலையிலிருந்து வழிந்தது. நெஞ்சு எரிகிறது என்று அங்கேயும் ஒரு கை தடவினாள் அக்கா. பிறகு அரப்பு, பிறகு வெந்நீர். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, "அப்பாடா" என்றார். அந்த மூன்று மாதத்தில் அவர் முகம் தெளிந்து நான் பார்த்தது அந்தக் காலை ஒன்றுதான். என்னால் அதையும் மறக்க முடியவில்லை. மத்தியானத்துக்குள் நெஞ்சுத் தோல் உரிந்து வழண்டுவிட்டது. ஊதாக் கோடுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

திங்கட்கிழமை சேலைச் சட்டையைக் கழற்றியதும் ஆபரேட்டர் நெஞ்சருகே குனிந்து பார்த்தார். பிறகு கத்தினார். "யாரு எண்ணெ வெச்சது? அன்னிக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, யாரு கழுவுனது?" என் பக்கம்தான் திரும்பினார். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்தபடி, "நாந்தானுங்க" என்றார். "அவிங்க வேண்டாமுன்னுதான் சொன்னாங்க. தீவாளியாச்சுங்களே, எனக்குத்தான் பொறுக்கல." எனக்காகவும் பொய் சொன்னார், வீட்டிலிருந்த பெண்டாட்டிக்காகவும் சொன்னார். ஆபரேட்டர் அவரைப் பிடித்து ஏசினார். படிக்காத ஜனங்கள் என்றார். நான் அவ்வளவையும் கேட்டுக்கொண்டு சுவரோரம் நின்றேன். த்தூ, நானும் ஒரு மனுஷன்!

புண் ஆறட்டும் என்று மூன்று வாரம் தள்ளிவைத்தார்கள். மூன்று வாரம் ஐந்தாயிற்று. தோல் ஆறியபோது உடம்பு இல்லை, இருமல் திரும்பிவிட்டது. புதுப் படத்தைப் பார்த்த டாக்டர், இனிக் கரண்டு வேண்டாம், வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நான் மட்டும் திரும்பிப் போய், "அந்த எண்ணெயாலதானுங்களா?" என்று கேட்டேன். "அப்படிச் சொல்ல முடியாதுங்க. இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவரிடமிருந்து வாங்க முடியவில்லை. பஸ்ஸில் அண்ணனிடம், "அண்ணா, ஆபரேட்டர் எங்கிட்டச் சொன்னாருங்க, நான் அக்காகிட்டச் சொல்லல" என்றேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர், "தெரியும். உனக்கு மூஞ்சியில ஒளிக்கத் தெரியாது. தண்ணி ஊத்துன பாலாட்டம் இருக்குது" என்றார். என் பக்கம் திரும்பி, "அவகிட்ட மட்டும் சொல்லிரு. அவ தன்னையே நொந்துக்குவா" என்றார். சொல்கிறேன் என்றேன். மாசியில் அவர் போகிற வரைக்கும் சொல்லவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அக்கா அந்தத் தூக்கைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து கொடுத்தாள். கூடவே அட்டையையும் கொடுத்தாள். "நீங்கதான கூட அலைஞ்சீங்க, தம்பி, நீங்களே வெச்சுக்கங்க" என்றாள். என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. அட்டை இப்போது சங்கத்தில் லாக்டோமீட்டர் வைக்கிற மரப்பெட்டிக்குள் இருக்கிறது. பதினெட்டுக் கட்டங்களில் மை. ஏழு கட்டங்கள் வெள்ளையாக நிற்கின்றன. காலையும் மாலையும் குழாயை எடுக்கும்போது அதைப் பார்க்காமல் எடுக்க முடியாது.

எழவு வீட்டில் குசுகுசுத்தவர்களே, டீ குடித்துவிட்டுப் போனவர்களே, உங்கள்மேல் எனக்கு இருந்த வெறுப்பு கொஞ்சநஞ்சம் இல்லை. ஆனால் நீங்கள் ஒட்டுமென்று பயந்தீர்கள், தெரியாமல் பேசினீர்கள். நான் தெரிந்தே பேசாமல் இருந்தேன். ருக்மணியக்காவிடம் ஆஸ்பத்திரிக்காரர்கள் எதுவும் சொல்லவில்லை. அக்காவுக்குத் தெரிந்ததெல்லாம் நான் சொன்ன ஒன்று மட்டும்தான். இனிமேல் ஒருவர்கூட அவளைப் பார்த்து விரல் நீட்டக் கூடாது. இந்தக் காகிதத்தை முதலில் அவளிடம்தான் கொண்டுபோய், பொடக்காலிக் கல்லில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு வந்தேன். அவள் கடைசி வரைக்கும் கேட்டாள். பிறகு எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். இன்றுவரை என்னோடு பேசவில்லை.

அண்ணனுடைய மூக்கு எனக்கு வராது. அந்த வாயும் வராது. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒரே ஒரு வார்த்தை. அவர் அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்காகவும் பொய்யாகச் சொன்னது; நான் இன்றைக்கு உள்ளபடி சொல்கிறேன். யார் எண்ணெய் வைத்தது என்று கேட்டாரே அந்த ஆபரேட்டர்?

நாந்தானுங்க.